மகஜரில் உள்ளபடி

வழக்கு முடிந்தது என்று தாள் வந்த அன்று முப்பிடாதியம்மாளின் வீட்டில் யாரும் மிட்டாய் வாங்கவில்லை.

"மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது" என்று அதில் அச்சடித்திருந்தது. அவள் புருஷன் கடற்கரை தாளை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தான். பார்வை மங்கின மனுஷன். அவன் படித்து முடிப்பதற்குள் குத்துக்கல்வலசையில் அந்தத் தெருவில் பாதி வாசலுக்கு வந்துவிட்டது.

"அப்போ நீ கடத்தல்காரி இல்லியாம்லா," என்றாள் பக்கத்து வீட்டுப் பேராச்சி. "நான் ஒன்னய பெரிய ஆளுன்னுல்லா நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

"கேஸு போச்சு மதினி. வண்டி?"

"கேஸே இல்லங்கும்போது வண்டிய அவனுவளே கொண்டாந்து விட மாட்டானுவளா?"

"ஆமா, ஆரத்தி எடுத்து விடுவானுவ."

முப்பிடாதிக்கு வயது நாற்பத்தாறு. வயல் வேலைக்குப் போன குடும்பம். பத்து வயதில் மடியில் சுளகு ஏறியது. சுளகில் இலை, தூள், கத்தரி, நூல். தென்காசிப் பக்கத்துப் பெண்களுக்கு இது பள்ளிக்கூடத்துக்கு முந்திய பள்ளிக்கூடம். முப்பது வருஷம் பீடி சுற்றினாள். சுற்றுவதைவிடப் பெரிய வேலை, சுற்றியதைக் கடையில் கொடுத்துக் கணக்கில் ஏற்றுவது. அங்கே செக்கர் என்று ஒருவன் இருப்பான். பீடிக் கட்டைத் தூக்கிப் பார்ப்பான், உதடு பிதுக்குவான், கழிவு என்று ஒதுக்கிப் போடுவான். வாய் பேசாதவளுக்கு ஆயிரத்துக்கு நூறு கழிவு. முப்பிடாதிக்குக் கழிவு விழுந்ததே கிடையாது. ஒவ்வொரு கட்டையும் அவன் கையிலிருந்து பிடுங்கி, "எது சொத்தை, காட்டுங்க பாப்போம்" என்று நிற்பாள். பாஸ் புத்தகத்தில் அவன் எழுதியதை எழுத்து விடாமல் படிக்காமல் படியிறங்க மாட்டாள்.

சர்க்கரை நோயில் கடற்கரைக்குக் கண் மங்கி, லைசென்ஸ் புதுப்பிக்க முடியாமல் போனபோது அவளுக்கு முப்பத்தொன்பது. வாசலில் கடனில் வாங்கிய லோடு ஆட்டோ நின்றது. தெருவில் எல்லோரும் "வித்துரு" என்றார்கள். அவள் வற்றிக் கிடந்த குளத்துக்குள் வண்டியை இறக்கி நாற்பது நாள் ஓட்டிப் படித்து, லைசென்ஸும் எடுத்தாள். நாற்பத்தோராவது நாள் புளியங்குடி மார்க்கெட்டிலிருந்து எலுமிச்சை மூட்டை ஏற்றி வந்தாள். அதிலிருந்து ஒன்பது மாதம் எலுமிச்சை. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதம் குற்றாலத்துப் பழம்.

அந்த மூன்று மாதம்தான் சோறு. மற்ற ஒன்பது மாதம் குழம்பு.

குற்றாலத்தில் பழத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கும் அகமது கபீரைப் பார்க்கப் போனாள். அவர் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"ஆனி ஒண்ணாந் தேதி மொத அறுப்பு. மங்குஸ்தான் ஒரு நாளு தாங்காது, ஒனக்குத் தெரியும். அன்னைக்கிக் காலையில வண்டி நின்னா சீசன் முழுக்க லோடு ஒனக்கு. நிக்கலேன்னா ஆலங்குளத்துப் பிச்சுமணிகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

"வாரேன் பாய்."

"வாரேன்னு நீ சொல்லுத. வண்டி சொல்லணும்லா?"

வண்டி போலீஸ் ஸ்டேஷனில் நின்றது. பங்குனி மாதம் பிடித்துக்கொண்டு போனது.

பிடித்த கதை இதுதான். அவர்கள் வகையறாவின் அம்மன் கோயில் செங்கோட்டை தாண்டி, கேரளா போகிற ரோட்டில் இருக்கிறது. கொடைத் திருவிழாவுக்கு வீட்டுக்கு நாலு படி அரிசி தர வேண்டும். அரிசியின் மேல் ஒரு மஞ்சள் கிழங்கை வைத்துத்தான் மூட்டையில் தட்டுவார்கள். அது அம்மனுக்குச் சொல்லுகிற கணக்கு: இந்த வீடு கொடுத்துவிட்டது என்று. அறுபத்து நாலு வீடு, எட்டு மூட்டை. கூலிக்காரர்கள் வீட்டில் என்ன அரிசி இருக்கும்? ரேஷன் அரிசிதான் இருக்கும். காலங்காலமாக அம்மனும் அதைத்தான் சாப்பிடுகிறாள். இதில் தப்பு ஏதாவது இருக்கிறதென்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

ரோட்டில் மறித்த போலீசுக்கு வேறு மாதிரித் தோன்றியது. ரேஷன் அரிசி, எட்டு மூட்டை, கேரளா ரோடு. கேஸ் தானாக வந்து மடியில் விழுந்தது என்று நினைத்தார்கள்.

"யார் யார்ட்ட வாங்குன?" என்று கேட்டார்கள்.

"கோயிலு அரிசி."

"யாரு வீட்டு அரிசின்னு கேக்கேன்."

"கோயிலு அரிசின்னு சொல்லுதேம்லா."

மூன்று தடவை கேட்டார்கள். ஒரு வீட்டின் பெயரைக்கூட அவள் சொல்லவில்லை. சொன்னால் அத்தனை பேர் ரேஷன் கார்டும் போகும் என்று பயந்தாள். தெருவும் அதற்கே பயந்து ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது. எட்டாம் நாள் பேராச்சி கதவைத் திறந்தாள். "அவ நம்ம பேரச் சொல்லல. நாம அவ பேரக் காப்பாத்தாண்டாமா? கார்டு போனா போவட்டும், வாங்கட்டி" என்று கிளம்பினாள். அறுபத்து நாலு வீட்டிலிருந்தும் போய்ச் சொன்னார்கள், இது எங்கள் அரிசி என்று. விசாரணைக்கு வந்த அதிகாரி மூட்டைகளைப் பிரித்துத் தரையில் கொட்டச் சொன்னார். புழுங்கலும் பச்சையும் கலந்து கிடந்தது. சலித்துப் பார்த்தார்கள். மஞ்சள் கிழங்கு அறுபத்து நாலு.

கடத்துகிறவன் மஞ்சள் வைத்துக் கட்டுவதில்லை. வழக்கு விழுந்தது. யார் கார்டும் போகவில்லை.

ஆனால் வழக்கு விழுந்தால் வண்டி எழுந்து நடந்து வராது. கோர்ட்டில் தனியாக மனுப் போட வேண்டும் என்றார் தென்காசி வக்கீல் கிருஷ்ணபிரசாத். போட்டார். ஆர்சி புத்தகம், இன்சூரன்ஸ், ஆதார், ஜாமீனுக்கு ஆள் என்று பதினைந்து நாள் அலைந்து, ஆனிக்கு நாலு நாள் இருக்கும்போது, புதன்கிழமை உத்தரவு கைக்கு வந்தது. வக்கீல் கூடவே இன்னொரு தாளையும் கொடுத்தார்.

"இது மகஜர் நகல். வண்டியைப் பிடிச்ச அன்னிக்கு அதுல என்னென்ன இருந்ததுன்னு அவாளே எழுதினது. உத்தரவுல என்ன போட்டிருக்கு, பாருங்கோ. 'மகஜரில் உள்ளபடி ஒப்படைக்க.' இதைத் தொலைச்சுடாதேங்கோ."

அவள் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அதைப் படித்தாள். சிரிப்பு வந்துவிட்டது. கேஸ் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று எழுதினவன் ஒன்றையும் விடவில்லை. பேட்டரியின் நம்பர் வரை எழுதியிருந்தான். அரிசிக்குத் தனித் தாள். இதில் மொத்தம் ஏழு அயிட்டம்.

வியாழக்கிழமை காலை ஸ்டேஷனுக்குப் போனாள். ரைட்டர் விஜய்பாண்டி உத்தரவைப் பார்த்தார். ஒரு ரிஜிஸ்டரைத் திருப்பி நீட்டினார்.

"இங்கன ஒரு கையெழுத்து."

அவள் படித்தாள். "மேற்படி வாகனத்தையும் அதிலுள்ள பொருட்களையும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்."

"வண்டிய ஒரு பார்வ பாத்துட்டு வந்து போடுதேன் ஐயா."

"கையெழுத்துப் போட்டாத்தாம்மா சாவி."

"சாவி வேண்டாம். கண்ணு என்கிட்டயே இருக்கு."

பின்பக்கம் போனாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சக்கரத்தைச் சுற்றிக் கோவைக்கொடி ஏறியிருந்தது. சீட்டில் ஒரு கோழி முட்டையிட்டு வைத்திருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பேட்டரி இருந்த இடம் காலி. ஸ்டெப்னி டயர் இல்லை. ஜாக்கி இல்லை. தார்ப்பாய் இல்லை.

"ரெண்டு மாசம் வெயில்லயும் மழையிலயும் நின்ன வண்டிம்மா. அப்படித்தான் இருக்கும்," என்றார் ரைட்டர்.

"வெயிலு பேட்டரியத் திங்குமா ஐயா?"

ரைட்டர் பேனாவை மூடினார். "இன்ஸ்பெக்டர் ஐயா வரட்டும். அவங்ககிட்ட பேசிக்கிடுங்க."

"எப்ப வருவாவ?"

"வருவாங்க."

"அப்ப நான் இருக்கேன்."

"இருங்க. யாரு வேண்டாம்னா?"

சாயங்காலம் வரை இருந்தாள். இன்ஸ்பெக்டர் வரவில்லை. இது பழைய ஆயுதம். அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம். உட்கார வைத்தால் போதும். கூலிக்காரனுக்கு ஒரு நாள் உட்கார்ந்தால் ஒரு நாள் சோறு போச்சு. மூன்றாம் நாள் அவனே வந்து, எங்கே கையெழுத்து என்று கேட்பான்.

வீட்டில் கடற்கரையும் அதைத்தான் சொன்னான். "போட்டுரு. எடுத்துட்டு வந்துரலாம். பழைய பேட்டரி ஒண்ணு எங்கனயாவது பாப்போம். நாயித்துக்கிழம ஆனி ஒண்ணு, நெனப்பு இருக்கா?"

"ஸ்டெப்னி இல்லாம மல ரோட்டுக்கு எவ போவா? அதுவும் கெடக்கட்டும். எல்லாம் நல்லா இருந்திச்சின்னு நாங் கையெழுத்துப் போட்டா, நாளைக்கி எவன் கேட்டாலும் நாந்தான் பொய்க்காரி. ரெண்டு மாசமா கடத்தல்காரின்னு கேட்டாச்சு. பொய்க்காரின்னு வேற கேக்கணுமா?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேராச்சியின் குரல் வந்தது. "ஏட்டி, நாளைக்கி நானும் வாரேன்."

"ஒனக்குப் பீடி குடுக்கணுமே மதினி?"

"சொளவத் தூக்கிக்கிட்டு வாரேன். வீட்டுல இருந்து சுத்துதத அங்கன இருந்து சுத்துதேன். அங்கன நெழலு இருக்குல்லா?"

நிழல் இருந்தது. பெரிய வேப்பமரம்.

வெள்ளிக்கிழமை காலை முப்பிடாதியோடு ஒன்பது பெண்கள் மினிபஸ்ஸில் வந்து இறங்கினார்கள். இடுப்பில் சுளகு, தூக்குவாளியில் கஞ்சி. வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து மடியில் சுளகை வைத்தார்கள். கத்தரிகள் கிரீச்சென்று இலையை வெட்டத் தொடங்கின. கோஷம் கிடையாது, தட்டி கிடையாது. பீடி மட்டும்தான். காத்திருக்க வைக்கிற ஆயுதம் பீடி சுற்றுகிறவளிடம் செல்லாது. அவள் எங்கே உட்கார்ந்தாலும் அது வேலை நாள்தான். இது ஸ்டேஷன்காரர்களுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

ரைட்டர் வெளியே வந்தார். "ஏம்மா, இது ஸ்டேஷனா, பீடிக் கம்பெனியா?"

"கம்பெனின்னா நேரத்துக்கு விட்டுருவானுவ ஐயா," என்றாள் பேராச்சி, தலை நிமிராமல்.

மனுக் கொடுக்க வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். மேல்காற்று அடித்தது. புகையிலைத் தூள் ஜன்னல் வழியாக நேரே ரைட்டர் மேஜைக்குப் போனது. அவர் தும்மினார். எழுதினார். மறுபடியும் தும்மினார்.

"ஐயாவுக்குச் சளி போல," என்றாள் ஒருத்தி.

"ஸ்டேஷன்ல கெடந்த பொருளெல்லாம் காங்கல. சளியாவது தங்கட்டும்," என்றாள் இன்னொருத்தி.

பதினோரு மணிக்குப் பேராச்சி இடுப்பு பிடித்துக்கொண்டது என்று எழுந்தாள். காம்பவுண்டு ஓரத்தில் ஸ்டேஷன் பிள்ளையார் இருந்தார். சின்ன மாடம், சுற்றிலும் சீரியல் லைட், பட்டப்பகலிலும் மின்னி மின்னி அணைந்தது. பேராச்சி காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டாள். ஒன்று, இரண்டு. மூன்றாவதற்கு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"ஏட்டி முப்பிடாதி! அந்தத் தாள எடுத்துட்டு ஓடியா. பேட்டரி நம்பரு என்ன?"

பீடத்துக்குக் கீழே, சிவப்புத் துணிக்குப் பின்னால் பேட்டரி இருந்தது. அதிலிருந்துதான் ஒயர் மேலே ஏறியது. முப்பிடாதி முட்டி போட்டுக் குனிந்து ஒவ்வொரு எண்ணாகச் சத்தம் போட்டு வாசித்தாள். பேராச்சி பேட்டரியில் விரலை வைத்து, "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசி எண்ணுக்கு ஒன்பது பேரும் சேர்ந்து "ஆமா" என்றார்கள்.

"புள்ளையாருக்கு எலி போதும்லா ஐயா," என்றாள் முப்பிடாதி, வாசலில் வந்து நின்ற ரைட்டரிடம். "பேட்டரி வண்டி எதுக்கு?"

வாசலில் காவல் நின்ற போலீஸ்காரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

ஒன்று கிடைத்ததும் கண் எல்லா இடத்துக்கும் போயிற்று. தார்ப்பாய் பின்னால் விறகுக்கட்டை மேல் கிடந்தது. மகஜரில் அயிட்டம் நாலு: "பச்சை நிறத் துணி ஒட்டுப்போட்ட நீல நிறத் தார்ப்பாய் ஒன்று." பச்சை ஒட்டு முப்பிடாதியின் பழைய சேலை. அவள் போட்ட தையல் அவளுக்குத் தெரியாதா?

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். மரத்தடியைப் பார்த்தார். ஒன்பது சுளகையும் பார்த்தார். முப்பிடாதி எழுந்து போய் இரண்டு தாளையும் நீட்டினாள். உத்தரவை ஒரு தடவை படித்தார். மகஜரை இரண்டு தடவை படித்தார்.

"யாருய்யா எழுதுனது இத?"

"நாந்தான் ஐயா," என்றார் விஜய்பாண்டி.

"நல்லா எழுதியிருக்க."

இன்ஸ்பெக்டர் மகஜரை விரலால் தட்டினார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு இதுல உள்ள அம்புட்டும் இந்த வண்டியில இருக்கணும். இல்லேன்னா கோர்ட்டுக்கு நீயே போயி நல்லா எழுதிக் குடு." முப்பிடாதியின் பக்கம் திரும்பினார். "நீங்க காலையில வாங்கம்மா. இவங்கள எல்லாம்..." கையை மரத்தடிக்கு நீட்டினார்.

"அவ்வோ வேலைய விட்டுட்டு வரல ஐயா. வேலையக் கொண்டுட்டுத்தான் வந்திருக்காவ. நாளைக்கும் வருவாவ."

சனிக்கிழமையும் வந்தார்கள். பத்து மணிக்கு இன்னொரு லோடு ஆட்டோ உள்ளே நுழைந்தது. ஓட்டி வந்தவன் ஸ்டேஷனில் யாரோ ஒருவரின் மச்சான். அவன் வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றினால், அது முப்பிடாதியின் ஸ்டெப்னி. அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தன் வண்டியைக் கல் மேல் நிறுத்திவிட்டுப் போனான். ஜாக்கி அவன் சீட்டுக்கு அடியில் இருந்தது.

முப்பிடாதி ரைட்டர் பேனாவையே வாங்கி, மகஜரில் டிக் போட்டுக்கொண்டே வந்தாள். பேட்டரி. ஸ்டெப்னி. ஜாக்கி. தார்ப்பாய். டூல்ஸ் பை. அம்மன் படம், கண்ணாடிச் சட்டத்துடன். ரைட்டர் ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு பெருமூச்சு விட்டார். ஆறாவது முடிந்ததும் ரிஜிஸ்டரை நகர்த்தினார்.

"போடுங்கம்மா."

"ஏழு?"

"ஏழு என்ன?"

"நீங்க எழுதுனதுதான் ஐயா. 'முன்புற பம்பரில் கட்டப்பட்ட எலுமிச்சம்பழம் ஒன்று.'"

"எம்மா! ரெண்டு மாசம்! அது அழுவிப் போயிருக்கும்!"

"அழுவுன பழத்தத் தாங்க. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

மரத்தடியில் கத்தரிகள் நின்றன. உள்ளே இருந்து இன்ஸ்பெக்டர் குரல் வந்தது. "வாங்கிக் குடுத்துத் தொலைய்யா."

ரைட்டர் விஜய்பாண்டி தொப்பியை வைத்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டி, பெட்டிக்கடைக்குப் போய், ஒரு எலுமிச்சம்பழத்தோடு திரும்பி வந்தார். அவர் போவதையும் வருவதையும் ஒன்பது பெண்களும் ஒரு காவல் போலீஸ்காரரும் முழுசாகப் பார்த்தார்கள். முப்பிடாதி பழத்தைக் கையில் உருட்டினாள். ஏழு வருஷம் புளியங்குடிப் பழம் ஏற்றியவள்.

"தோலு தடிச்சில்லா இருக்கு. சாறே இருக்காது. மாத்திட்டு வாங்க."

அவர் மாற்றிக்கொண்டு வந்தார்.

அப்புறம்தான் அவள் ரிஜிஸ்டரை இழுத்தாள். "நல்ல நிலையில்" என்பதன் மேல் கோடு போட்டாள். "மகஜரில் உள்ளபடி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து" என்று மேலே எழுதினாள். பெயரை முழுசாக எழுதினாள்: க. முப்பிடாதியம்மாள், வண்டி உரிமையாளர், ஓட்டுநர்.

பேட்டரி பிள்ளையாருக்கு விளக்குப் போட்டே ஓய்ந்து போயிருந்தது. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. பேராச்சி சுளகைக் கீழே வைத்தாள். "வாங்கட்டி, தள்ளுவோம்." ஒன்பது பேரும் பின்னால் போனார்கள். காவல் போலீஸ்காரர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து ஒரு கை கொடுத்தார். "எங்கம்மையும் பீடிதான் ஆச்சி சுத்துனா," என்றார், யாரும் கேட்காமலே. கோவைக்கொடி பட்பட்டென்று அறுந்தது. வண்டி இருமியது, குலுங்கியது, கரும்புகை ஒன்றைக் கக்கியது. பிடித்துக்கொண்டது. குலவைச் சத்தத்தில் கோழி கூரைக்குப் பறந்தது.

திரும்பும்போது ஒருத்தியும் மினிபஸ் ஏறவில்லை. சுளகும் தூக்குவாளியுமாகப் பின்னால் ஏறிக்கொண்டார்கள். வலசை வாசலில் கடற்கரை நின்றுகொண்டிருந்தான். தூரத்துப் பார்வை தெரியாது. சத்தம் தெரியும். வளைவு திரும்புவதற்கு முன்னாலேயே, "நம்ம வண்டி" என்று கையைத் தூக்கிவிட்டான்.

அன்று மத்தியானமே பேட்டரியைச் சார்ஜுக்குக் கொடுத்தாள். பிரேக் பார்த்தாள், ஆயில் மாற்றினாள், காற்று அடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஆனி ஒன்று. விடிந்து வெளிச்சம் வந்தபோது ஐந்தருவி ரோட்டில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. தோட்டத்து வாசலில் ஆலங்குளத்துப் பிச்சுமணியின் வண்டி ஏற்கெனவே நின்றது. முதல் பெட்டியைக் கூலியாள் ஒருவர் தோளில் தூக்கியாயிற்று. முப்பிடாதி ஹாரனை அமுக்கிப் பிடித்தாள். விடவில்லை.

அகமது கபீர் குடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, ஜெயில்லருந்தா வார?"

"வண்டிதான் பாய் ஜெயில்ல கெடந்திச்சு. நாந்தான் அத ஜாமீன்ல எடுத்தேன்."

"மொத லோடு நான்லா பாய்," என்றார் பிச்சுமணி. "நான் நாலு மணிக்கே வந்துட்டேன்."

"காலையில அவ வண்டி நின்னா லோடு அவளுக்குன்னு சொல்லியிருக்கேன். நிக்கா, பாரும்."

"அப்போ எனக்கு?"

"ஒமக்கு டீ."

பிச்சுமணி நல்ல மனுஷன். டீயைக் குடித்துவிட்டு, அவரே நாலு பெட்டி தூக்கி அவள் வண்டியில் ஏற்றினார். "போலீஸ்காரன எலுமிச்சம்பழம் வாங்க விட்டியாம்லா? ஆலங்குளம் முழுக்க அதாம் பேச்சு," என்றார்.

முப்பது பெட்டி மங்குஸ்தான், பன்னிரண்டு பெட்டி ரம்புட்டான். மேலே பச்சை ஒட்டுப் போட்ட நீலத் தார்ப்பாய். அவள் முன்சீட்டில் ஏறி, முந்தானையை இடுப்பில் செருகி, கியரைப் போட்டாள். குளிக்கப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு எதிரே வந்தது. அவள் ஹாரன் அடித்தாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது.